விடியற்காலைத் தூண்டிலும் போலிப் பூச்சித் தேர்வும்

கொக்கியின்மேல் இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைக் கட்டிப் பூச்சிபோல் அமைக்கப்படும் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி என்பது பெயர். மேலைநாட்டு ஆறுகளில் சால்மன் மீனைப் பிடிக்க இது பெரிதும் பயன்படுகிறது. நம் நாட்டு ஆறுகளில் சால்மன் இயற்கையாக வாழ்வதில்லை. அதன் நெருங்கிய உறவாகிய வானவில் டிரவுட் நீலகிரி ஓடைகளில் உண்டு. அங்கு டிரவுட்டைக் குடியேற்றப் பிரான்சிஸ் டே 1863-இல் செய்த முயற்சி பலிக்கவில்லை. அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பின்னரே அம்மீன் நிலைபெற்றது.

விடியற்காலையில் எத்தகைய போலிப் பூச்சியைத் தெரிந்தெடுப்பது? கரையில் நிற்பவன் கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவதைக் கொண்டு இதனை முடிவு செய்தல் தவறு. மீனின் கண்ணுக்குப் புலப்படுவதையே கருதுதல் வேண்டும்.

ஒளிவிலகல் காரணமாக, நீருள்ளிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகன்ற வட்டச் சாளரத்தினுள் அடங்கிவிடுகிறது. அச்சாளரத்தில் மிதக்கும் பூச்சி, வானொளியின் எதிரே கரிய நிழலுருவாகத் தோன்றும். மேலும், மங்கிய ஒளியில் மீனின் விழித்திரையில் கோல் செல்களே தொழிற்படுகின்றன. நிறம் உணரும் கூம்பு செல்கள் ஒளி மிகுந்த பின்னரே செயற்படும். எனவே நமக்குப் பளிச்சிடும் சிவப்பும் அவ்வேளையில் மீனுக்குக் கருமையாகவே தெரியும்.

இதனின்று பெறப்படும் விதி எளியது: முதலில் அளவு, அடுத்து உருவம், இறுதியில் நிறம். ஓடைக் கற்கள் சிலவற்றைப் புரட்டி, அடியில் ஒட்டியுள்ள இளம் பூச்சிகளின் பருமனை முதலில் அறிதல் வேண்டும். நீர்ப்பரப்பில் மீன் எழும் வளையங்கள் காணப்படாவிடின், அப்பருமனுள்ள கரிய, மூழ்கும் பூச்சி ஏற்றது. வளையங்கள் தோன்றின் மிதக்கும் பூச்சியை இடலாம். அட்லாண்டிக் சால்மனுக்கு இவ்விதி முழுவதும் பொருந்தாது. முட்டையிட ஆறேறும் அம்மீன் பெரும்பாலும் உணவு கொள்வதில்லை. ஆதலின் அங்கு இரையை ஒத்திருத்தலினும் கண்ணிற்படுதலே முதன்மையாகும்.

ஓடை இல்லாத நகரத்திலும் இப்பாடத்தைக் கற்பிக்கலாம். மும்பை கிங்ஸ் சர்க்கிள் பகுதியிலுள்ள ஆசிரியர் ஒருவர் மாடியில் இரு முக்காலிகளின் இடையே கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் சிறிது நீர் ஊற்றுவாராக. கொக்கியில்லாத வெள்ளை, சிவப்பு, கறுப்புப் பஞ்சுத் துணுக்குகளை நீரில் மிதக்கவிட்டு, கதிரவன் எழுமுன் மாணவரைக் கீழிருந்து நோக்கச் செய்க. மூன்றும் ஏறக்குறைய ஒரே நிழலாகத் தோன்றும். ஒளி ஏற ஏற நிறங்கள் பிரியும்.

களப்பணியாளர் ஒன்றை மறத்தலாகாது. டிரவுட் அயல்நாட்டு மீன். சிறு மீன்களையும் உண்ணும். அதனை உயிருடன் வேறு ஓடைக்குக் கொண்டு செல்வோரைத் தடுத்தல் அவர்தம் கடமை. ஓர் ஓடையில் ஒருமுறை பெருகிவிட்ட அயல் மீனை அங்கிருந்து அகற்றுதல் மிக அரிது.