கூழ்ப்பானையும் ஈஸ்ட்டும்

எங்கள் வகுப்பில் ஒருத்தி மதிய உணவுக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தாள். நாங்கள் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மறுநாள் முதல் அவள் கொண்டுவரவில்லை. அறிவியல் பாடத்தில் நொதித்தலைப் படித்தபோதுதான் எங்களுக்கு வெட்கமாயிற்று.

கேழ்வரகில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைடிக் அமிலம் அவற்றைப் பிடித்துவைத்துக் கொள்வதால், நம் குடலால் போதிய அளவு உறிஞ்ச முடிவதில்லை. மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க விட்டால் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டும் பெருகுகின்றன. புளிப்பு ஏறும்போது ஃபைடேஸ் என்னும் நொதி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. இது எங்களுக்குச் சிறிய செய்தியல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. (உண்டவுடன் தேநீர் குடித்தாலும் இரும்பு உறிஞ்சப்படுவது குறையுமாம், அம்மாமார் மன்னிக்க!)

ஈஸ்ட்டிலும் மருந்தாவது உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பூலார் 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்போருக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க அது தரப்படுகிறது. நம் மாவில் வளரும் ஈஸ்ட் எல்லாம் அதற்கு ஈடென்று சொல்லிவிட முடியாது. இட்லி வேகும் ஆவியில் ஈஸ்ட் மடிந்துவிடும். அது செய்துவைத்த வேலை மட்டுமே மிஞ்சும். கூழோ காய்ச்சியபின் மீண்டும் ஓரிரவு புளிப்பதால், உயிருள்ள நுண்ணுயிர்களோடு வயிற்றுக்குள் போகிறது. ஆகவே பானையும் தண்ணீரும் சுத்தமாயிருத்தல் அவசியம்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். சென்ற வெள்ளியன்று தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தாள். சின்ன வெங்காயம் நாங்கள் கொண்டுபோனோம்.