டிராலியும் இடுப்பு வலியும்

கேள்வி: அண்ணா, வாடிய கொழுந்தை டிராலியில் ரோலருக்குக் கொண்டுபோவது என் வேலை. ஷிப்ட் முடிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வண்டியைத் தள்ளுவதா, இழுப்பதா?
- தேயிலைத் தொழிலாளி, நடுவட்டம்

பதில்: தள்ளுங்கள் தம்பி. கையைப் பின்னால் நீட்டி இழுத்தால் தோளும் இடுப்பும் முறுக்கிக்கொள்ளும். வண்டி குதிகாலிலும் இடிக்கும். தள்ளும்போது உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கட்டும். வண்டி கிளம்பும் நொடியில்தான் பலம் அதிகம் தேவை. அப்போது வெடுக்கென்று தள்ளாமல், ஒரு காலை முன்வைத்து மெதுவாகச் சாய்ந்து தள்ளுங்கள்.

நாளைக்கே டிராலியைக் கவிழ்த்து சக்கரத்தைப் பாருங்கள். அச்சில் தேயிலை நாரும் தூசியும் கிரீஸோடு சேர்ந்து கறுப்புத் திரியாகச் சுற்றியிருந்தால், வலிக்கு அதுவும் ஒரு காரணம். கத்தியால் அறுத்தெடுத்து, புது கிரீஸ் போடுங்கள். சின்னச் சக்கரம் தரையின் சிறு பள்ளத்திலும் மாட்டும். 4 அங்குலத்துக்குப் பதில் 8 அங்குலச் சக்கரம் கேளுங்கள். இது சலுகை இல்லை, நியாயமான கோரிக்கை.

மலையில் கட்டிய ஃபேக்டரியில் சரிவும் இருக்கும். 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் 300 கிலோ வண்டியைத் தள்ள, சமதரையைவிட 25 கிலோ பலம் கூடுதலாக வேண்டும். அங்கே பாதிச் சுமையோடு போங்கள், இல்லை இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. மழைக்காலத்தில் தரை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.