பனங்கட்டிப் பதத்துக்கு எந்த வெப்பமானி?

கேள்வி: எங்கள் மாமா கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுகிறவர். அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதால் வருகிற பருவத்தில் காய்ச்சுவது என் பொறுப்பு. பதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி வீட்டிலேயே பியர் வடிக்கிறவன். அதற்குப் பாவிக்கும் கண்ணாடி வெப்பமானியை அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அது சரிவருமா? எதை நம்பி வாங்கலாம்?
— ஒரு வாசகி, நெடுந்தீவு

பதில்: தம்பியின் வெப்பமானி உங்களுக்கு வேண்டாம். பியருக்கு முளைதானியத்தை ஊறவைக்கும் சூடு 65, 68 பாகை செல்சியஸ் அளவுதான். அதற்கென்று விற்கும் கண்ணாடி வெப்பமானிகள் பல 110 பாகைக்குள் முடிந்துவிடும். பனங்கட்டிப் பாகு இறக்க வேண்டிய இடம் 118 முதல் 120 வரை. அந்தச் சூட்டில் கண்ணாடி வெடித்தால் ஒரு தாச்சிப் பாகும் வீண். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அது 42 பாகையோடு நின்றுவிடும். பழையதென்றால் உள்ளே பாதரசமும் இருக்கும்.

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. கருப்பநீரில் தண்ணீர் வற்ற வற்றக் கொதிக்கிற சூடு ஏறும். சீனி அறுபது சதவீதமாகும்போது ஏறக்குறைய 103, எண்பது சதவீதத்தில் 112. அதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும்: கொஞ்சத் தண்ணீர் போனாலும் சூடு கிடுகிடுவென்று ஏறும். முதல் மணித்தியாலங்களில் அசையாமல் நின்ற எண் கடைசி நிமிடங்களில் ஓடும். முந்தி இறக்கினால் குட்டானுக்குள் கட்டி இளகிக் கசியும். பிந்தினால் கருகல் மணம். ஆகவே உங்களுக்கு வேண்டியது சில விநாடிகளில் எண் காட்டும் வெப்பமானி.

வட்ட முகத்தில் முள் சுற்றும் வகையை நான் சொல்லமாட்டேன். அதன் உணரும் பகுதி தண்டின் நுனியிலிருந்து இரண்டு அங்குலம் வரை நீண்டிருக்கும். கடைசியில் தாச்சியில் பாகு அவ்வளவு ஆழம் இராது. பாதி காற்றில் நிற்கிற தண்டு குறைத்தே காட்டும். துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் வகை மேல் நுரையையும் ஆவியையும்தான் அளக்கும். நுனியில் மட்டும் உணரும் மெல்லிய, நீளமான துருப்பிடிக்காத உருக்குத் தண்டுள்ள டிஜிட்டல் வகைதான் உங்களுக்குத் தோது. 150 பாகைக்கு மேல் காட்ட வேண்டும். நீர் புகாதது என்று எழுதியிருக்க வேண்டும். மலிவானவை பழுதாவது தண்டும் பிடியும் சேருமிடத்தில் ஆவி இறங்கித்தான். எங்கள் உப்புக்காற்றில் பற்றரி முனைகளும் பூத்துப்போகும். பாவித்ததும் துடைத்து, மூடியுள்ள போத்தலில் வையுங்கள்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீட்டில் ஒருதரம் சோதியுங்கள். நெடுந்தீவு கடல்மட்டத்தில் இருப்பது இதற்கு வசதி: தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் 100 காட்ட வேண்டும். மழைநீரோ சுத்திகரித்த குடிநீரோ நல்லது. உவர்க்கிணற்றுத் தண்ணீர் என்றாலும் பெரிய பிழை வராது. கடல்நீரே அரைப் பாகைதான் கூடக் கொதிக்கும். ஐஸ்கட்டியில் வைத்துப் பார்ப்பதென்றால் கவனம், உப்புத் தண்ணீர் கலந்தால் சுழியத்துக்குக் கீழே இறங்கும். கொதிநீரில் 98 காட்டினால் எறிய வேண்டியதில்லை. 118க்குப் பதில் 116இல் இறக்குங்கள். நேற்று 98, இன்று 101 என்று மாறிமாறிக் காட்டுவதைத்தான் நம்பக்கூடாது.

அளக்கும்போது நுனி பாகின் நடுவில் நிற்கட்டும். தாச்சியின் அடியில் முட்டினால் நெருப்பின் சூட்டைக் காட்டும்.

இன்னொன்று. முட்டிக்குச் சுண்ணாம்பு போதாமல் கருப்பநீர் புளிக்கத் தொடங்கியிருந்தால் அதிலுள்ள சீனியின் தன்மையே மாறிவிடும். அதை 120 வரை கொண்டுபோனாலும் கட்டி இறுகாது, பிசுபிசுக்கும். அந்தப் பிழையை எந்த வெப்பமானியும் திருத்தாது. காய்ச்சுமுன் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

மாமாவைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பச்சைத்தண்ணீரில் ஒரு துளி பாகு விட்டு உருட்டிப் பார்க்க அவருக்குக் கண் தேவையில்லை, விரல் போதும். அவர் "இறக்கு" என்று சொல்லும் நேரம் எண் என்னவென்று எழுதிவையுங்கள். நாலைந்து காய்ச்சலில் அந்த எண் ஓரிடத்தில் வந்து நிற்கும். நான் சொன்ன 118ஐவிட உங்கள் தாச்சிக்கு அதுவே சரியான எண்.

தம்பியிடம், மேலே சொன்ன டிஜிட்டல் வகையில் இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். மாற்றுப் பற்றரிகளும் வேண்டும். அங்கே பல பரனைட்டில் காட்டும். செல்சியஸுக்கு மாற்றக்கூடியதாகப் பார்க்கட்டும். மாற்ற முடியாவிட்டால் 244 முதல் 248 வரை என்று நினைவில் வையுங்கள். பருவத்தின் நடுவில் ஒன்று பழுதானால் குறிகட்டுவானுக்கு வள்ளமேறி யாழ்ப்பாணம் போய்த்தான் வேறு தேட வேண்டும். இறக்கிய கருப்பநீர் அதுவரை காத்திராது.