புல்லியை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

திருத்தங்கல், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் ஒரு லோடு வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். தீப்பெட்டிப் பண்டல், காலண்டர் கட்டு, பட்டாசுப் பெட்டி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு குட்டி யானையும் தோஸ்த்தும் பொலேரோ பிக்கப்பும் நாள் முழுக்க ஓடுகின்றன. டீசல் விலை ஏறினால் வாடகை உடனே ஏறாது. அதனால் மைலேஜ் கூட்ட வழி சொல்கிறேன் என்று யார் வந்தாலும் வண்டிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

அப்படி வரும் யோசனைகளில் ஒன்று, “கிராங்க் புல்லியைச் சின்னதாக்கு, இன்ஜினுக்குப் பாரம் குறையும்” என்பது. லேத் பட்டறையில் கடைந்து மாட்டினால் போதும், செலவும் அதிகமில்லை என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அன்றாடம் ஓடிச் சம்பாதிக்கும் வண்டிக்கு இது ஆகாது. ஏன் என்று ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். கிராங்க் தண்டின் முன்நுனியில் ஒரு புல்லி இருக்கிறது. அதிலிருந்து ஓடும் ஃபேன் பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும், சிலவற்றில் பவர் ஸ்டியரிங்கும் ஏ.சி.யும்கூட இதே இழுவையில்தான் ஓடுகின்றன. கிராங்க் புல்லியின் விட்டத்தைக் குறைத்தாலோ மற்றப் புல்லிகளைப் பெரிதாக்கினாலோ இவை அத்தனையும் மெதுவாகச் சுற்றும். இதைத்தான் ‘அண்டர்டிரைவ் புல்லி’ என்கிறார்கள். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் 5.0 போன்ற வி-8 வண்டிகளைக் கால் மைல் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்களிடையே இது பேர் வாங்கியது.

நம்பிக்கை 1: பந்தய வண்டிக்குக் கிடைத்த லாபம் நம் வண்டிக்கும் கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. வாட்டர் பம்பும் ஃபேனும் இழுக்கும் திறன், சுற்றும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறி இறங்கும். வேகம் 3 மடங்கு ஏறினால் அவை இழுக்கும் திறன் 27 மடங்கு ஏறும். 6,000 ஆர்.பி.எம்.மில் இவை இரண்டும் சேர்ந்து 5 குதிரைத்திறன் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே சுற்று வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் ஏறத்தாழ பாதி, அதாவது இரண்டரைக் குதிரைத்திறன் மிச்சமாகும். பந்தயத்தில் ஜெயிக்க அது போதும். அதே அமைப்பு 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் மொத்தமே 0.2 குதிரைத்திறனுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். அதில் பாதி மிச்சமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன? நம் டீசல் லோடு வண்டிகள் நாளின் பெரும்பகுதி ஓடுவது இந்த 2,000 பக்கத்தில்தான். பந்தயக்காரர் மிச்சம் பிடிக்கும் வேகத்தை நம் இன்ஜின்கள் எட்டுவதே இல்லை.

நம்பிக்கை 2: டைனமோ மெதுவாகச் சுற்றினால் டீசல் மிச்சம்.

உண்மை: டைனமோ எவ்வளவு இழுக்கிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது வண்டி கேட்கும் கரண்ட். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், இ.சி.யூ. எல்லாம் சேர்ந்து 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் கேட்டால் அது 560 வாட். டைனமோவில் வெப்பமாகவும் உராய்வாகவும் போவதையும் சேர்த்தால் இன்ஜின் ஏறத்தாழ 1,000 வாட் கொடுக்க வேண்டும். அதாவது ஒன்றேகால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸின் 702 சி.சி. இன்ஜினுக்கு இருந்ததே 16 குதிரைத்திறன்தான். அதில் ஒன்றுக்கு மேல் டைனமோவுக்குப் போகிறது என்றால் மனம் கேட்காதுதான்.

ஆனால் டைனமோ மெதுவாகச் சுற்றினாலும் அதே 560 வாட்டைத்தான் அது தர வேண்டும். தந்தால் அதற்குரிய டீசலையும் எரித்தாக வேண்டும். தர முடியாமல் போனால், குறைகிற கரண்ட் பேட்டரியிலிருந்து போகும். பேட்டரியில் குறைந்ததைத் திரும்ப ஏற்றப்போவதும் அதே இன்ஜின், அதே டீசல்தான். சுற்று வேகம் குறைவதால் உண்மையில் மிச்சமாவது பேரிங் உராய்வும் காற்றைக் கிழிக்கும் செலவும் மட்டுமே.

நம்பிக்கை 3: சார்ஜ் கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

உண்மை: ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கிராங்க் புல்லி 150 மி.மீ., டைனமோ புல்லி 60 மி.மீ. என்றால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது டைனமோ இரண்டரைச் சுற்று சுற்றும். ஸ்லோவில் இன்ஜின் 750-ல் ஓடினால் டைனமோ 1,875-ல் ஓடும். கிராங்க் புல்லியை 120 மி.மீ. ஆக்கினால் அது 1,500 ஆகிவிடும். டைனமோ சார்ஜ் கொடுக்கத் தொடங்கும் வேகத்துக்கு அருகிலேயே இது வந்துவிடுகிறது. ரயில்வே கேட்டிலும் குடோன் வாசலிலும் ஸ்லோவில் நிற்கும் நேரமெல்லாம், லைட்டும் எரிந்தால், பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் ஆயுள் குறையும். பல மாதம் மிச்சம் பிடித்ததாக நினைத்த டீசல் காசு ஒரு பேட்டரியில் போய்விடும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பேட்டரி செத்து, செல்ஃப் எடுக்காமல் நடுவழியில் நின்றால், பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்வார்கள். ஒயரை மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் கசியும். பின்னால் பட்டாசுப் பெட்டி இருக்கும் வண்டியில் இதைச் செய்யலாமா? பட்டாசு, வெடிபொருள் விதிகள் 2008-ன் கீழ் வரும் சரக்கு. அதை ஏற்றிய வண்டி மங்கிய லைட்டோடு இரவில் ஓடுவதும், சாலையோரம் செத்து நிற்பதும் ஊருக்கே ஆபத்து.

நம்பிக்கை 4: பம்ப் மெதுவாகச் சுற்றினால் நல்லது, தண்ணீர் ரேடியேட்டரில் நின்று நன்றாக ஆறும்.

உண்மை: விவரம் தெரிந்த மெக்கானிக்குகள்கூடச் சொல்லும் தவறு இது. தண்ணீர் ரேடியேட்டரில் கூடுதல் நேரம் நின்றால், இன்ஜினுக்குள்ளும் கூடுதல் நேரம் நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டம் வேகமாக இருந்தால்தான் ரேடியேட்டரின் மேலிருந்து கீழ்வரை உள்ள குழாய்கள் எல்லாம் சூடாக இருந்து காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். ஓட்டம் குறைந்தால் சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் ஆங்காங்கே தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழி பிடிக்கும். டேஷ்போர்டு முள் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் கேஸ்கட் அடிவாங்கும்.

தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு ஏற்றதாய் இருப்பது இந்தப் பகுதியின் வறண்ட வெயில். அதே வெயில்தான் இன்ஜினுக்குச் சோதனை. கோடையில் 40 டிகிரியை ஒட்டிய வெயிலில், முழு லோடோடு, நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி ஓடும் காற்று ரேடியேட்டருக்குக் கிடைக்காது. அப்போது கைகொடுப்பது ஃபேன் மட்டுமே. பல பழைய வண்டிகளில் ஃபேன் வாட்டர் பம்ப் தண்டிலேயே இருக்கிறது. புல்லியைக் குறைத்தால் தண்ணீரும் காற்றும் ஒன்றாகக் குறையும். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி உப்புப் படிந்த வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம்பிக்கை 5: புல்லிக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: இருக்கிறது. அதிகம் பேர் கவனிக்காததும், உயிரோடு விளையாடுவதும் இதுதான். கார்களிலும் சிறு லோடு வண்டிகளிலும் பிரேக் பெடலை லேசாக அழுத்தினாலே வண்டி நிற்பதற்குக் காரணம் வேக்குவம் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதே அந்த வேக்குவம் கிடைத்துவிடுகிறது. டீசல் இன்ஜினில் அந்த அளவுக்குக் கிடைக்காது என்பதால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். இந்தியாவில் ஓடும் டீசல் வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் டைனமோவின் பின்புறத்தில், அதே தண்டில் இருக்கிறது. டைனமோவின் பின்பக்கம் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று பிரேக் பூஸ்டருக்குப் போவதையும், ஆயில் குழாய்கள் வருவதையும் பார்த்தால் உங்கள் வண்டியும் அந்த வகைதான்.

அங்கே டைனமோ மெதுவானால் வேக்குவம் பம்பும் மெதுவாகும். ஒருமுறை பிரேக் பிடித்துவிட்டு உடனே இரண்டாம் முறை, மூன்றாம் முறை பிடிக்கும்போது பூஸ்டரில் வேக்குவம் மீண்டும் ஏறியிருக்காது. பெடல் கல்லாக இறுகும். பிரேக் இருக்கும், ஆனால் பல மடங்கு அழுத்தி மிதிக்க வேண்டும். சந்தைத் தெருவில் லோடோடு போகிறவருக்கு அந்த ஒரு நொடி மிகப் பெரியது. புது இன்ஜின்கள் சிலவற்றில் வேக்குவம் பம்ப் கேம் தண்டோடு இணைந்திருக்கும். அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் புல்லியில் கைவைக்காதீர்கள்.

நம்பிக்கை 6: கிராங்க் புல்லி வெறும் இரும்புச் சக்கரம், அலுமினியத்தில் லேசாகக் கடைந்து போடலாம்.

உண்மை: பல இன்ஜின்களில் அதை உற்றுப் பார்த்தால் நடுக் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் தெரியும். அது டேம்பர். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொண்டு திரும்பும். டீசலில் அந்த வெடி அழுத்தம் கூடுதல். அந்த முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பரும் கனமான வளையமும் இருக்கின்றன. கனம் வேண்டாத சுமை என்று நினைத்து அதைக் கழற்றினால், அதிர்வு கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் போகும். நாளடைவில் தண்டில் கீறல் விழுந்து உடையவும் கூடும். புல்லி சின்னதானால் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் பரப்பும் குறைந்து பெல்ட் வழுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் கீச்சுச் சத்தம் அதன் அறிகுறி.

நம்பிக்கை 7: எஃப்.சி.யில் புல்லியை யாரும் பார்க்கப் போவதில்லை.

உண்மை: புல்லியைப் பார்க்க மாட்டார்கள், ஹெட்லைட்டையும் பிரேக்கையும் பார்ப்பார்கள். புது வணிக வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. வாரண்டி காலத்தில் இன்ஜின் பழுதானால் கம்பெனிக்காரர் முதலில் கேட்பதும் இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இருக்கும்.

அப்படியானால் மைலேஜுக்கு என்னதான் செய்வது? டயரில் கம்பெனி சொன்ன அளவு காற்று இருக்கட்டும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள். மத்திய அரசின் பெட்ரோலியம் சேமிப்பு அமைப்பான பி.சி.ஆர்.ஏ., மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம்தான் எரிபொருளுக்கு உகந்தது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. லோடு ஏற்றி இறக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டரில் கூலண்ட்டைச் சரியான அளவில் கலந்து ஊற்றுங்கள். இவற்றில் கிடைக்கும் மிச்சம் புல்லியில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

மாதம் ஒருமுறை இன்ஜினை அணைத்து, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வி-பெல்ட் என்றால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் சரியான இறுக்கம். பிறகு இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் காட்டினால் சார்ஜ் நன்றாக இருக்கிறது. 13-க்குக் கீழே இறங்கினால் அன்றே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஏற்கனவே புல்லியை மாற்றியவர்கள் பழைய புல்லியையும் அதற்குரிய நீளமுள்ள பெல்ட்டையும் திரும்ப மாட்டிவிடுங்கள். மாற்ற நினைப்பவர்கள் அந்தக் காசில் நல்ல பெல்ட்டும் ஏர் ஃபில்டரும் வாங்குங்கள். தீபாவளிச் சரக்கு ஏறும் மாதங்களுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.