உயிரணுவின் எல்லை

நோயின் இயல்பை அறிய விரும்புவோர் முதற்கண் நலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஒரு கோட்டின் கோணலைக் காட்டுவது அதனருகே வரையப்படும் நேர்கோடே அன்றோ? புற்றுநோயை ஆராயப் புகுந்த அறிஞர்களும் இந்நெறியையே மேற்கொண்டனர். நோயுற்ற உயிரணுக்களையும் நோயற்ற உயிரணுக்களையும் உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவை வாழும் முறையை ஒப்பிட்டு நோக்கினர்.

அமெரிக்க நாட்டின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை உள்ளது. 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் பெண்மணி அங்கு மருத்துவம் பெற வந்தார். கறுப்பின மக்களுள் ஒருவரான அவர் ஐந்து குழந்தைகளின் தாய். அவருடைய கருப்பை வாயில் புற்றுநோய் தோன்றியிருந்தது. அக்கட்டியின் சிறு துண்டு ஒன்று ஜார்ஜ் கை என்னும் ஆராய்ச்சியாளரின் கூடத்திற்கு அனுப்பப்பட்டது. மனித உயிரணுக்களை நெடுங்காலம் உயிரோடு வளர்க்க அவர் பல்லாண்டு முயன்றும் பயன் கிட்டவில்லை. லாக்ஸ் அம்மையாரின் உயிரணுக்களோ ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இரு மடங்காயின. அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அம்மையார் தம் 31-ஆம் வயதில் காலமானார். அவருடைய உயிரணுக்கள் மட்டும் 'ஹீலா' என்னும் பெயருடன் உலகெங்கும் பரவி, இன்றும் பெருகி வருகின்றன. போலியோ தடுப்பு மருந்தை 1950-களில் சோதிப்பதற்கும் அவை பெரிதும் துணைசெய்தன.

இங்ஙனம் முடிவின்றிப் பெருகுவது எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவான இயல்பா? 'ஆம்' என்றே அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். அலெக்சிஸ் காரல் என்னும் பெயர்பெற்ற மருத்துவ அறிஞர், 1912-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றைச் சான்றாகக் கொண்டு, கோழிக்கருவின் இதய உயிரணுக்கள் அழிவற்றவை என்று கூறியிருந்தார். அவர் கூற்றை மறுக்க எவரும் துணியவில்லை.

பிலடெல்பியா நகரின் விஸ்டர் ஆய்வு நிலையத்தில் லியோனார்டு ஹேபிளிக் என்னும் இளைஞர் பணியாற்றி வந்தார். புற்றுநோய் உயிரணுக்களின் சாற்றை நலமுள்ள உயிரணுக்களோடு சேர்த்தால் அவை மாறுபடுமா எனக் காண்பதே அவர் நோக்கம். அதற்காக வளர்த்த நலமுள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை இரு மடங்கானபின் பெருகுவதை நிறுத்தின. தம் வேலையில் பிழை நேர்ந்ததோ என்று அவர் முதலில் ஐயுற்றார். ஐயத்தை நீக்க அவரும் பால் மூர்ஹெட் என்பவரும் ஓர் எளிய சோதனை செய்தனர். பலமுறை பெருகி முதிர்ந்த ஆணின் உயிரணுக்களையும், சிலமுறையே பெருகிய பெண்ணின் உயிரணுக்களையும் ஒரே கலத்தில் ஒரே ஊட்டநீரில் வளர்த்தனர். உரிய காலத்தில் ஆணின் உயிரணுக்கள் மட்டும் மறைந்தன. பெண்ணின் உயிரணுக்கள் தொடர்ந்து பெருகின. ஊட்டநீரில் குறை இருந்திருப்பின் இரண்டும் அன்றோ அழிந்திருக்கும்? எல்லை உயிரணுவிற்குள்ளேயே அமைந்துள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று. 1961-ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று.

அவ்வெல்லையின் காரணம் பின்னர் விளங்கிற்று. குரோமோசோம்களின் இரு முனைகளிலும் டெலோமியர் என்னும் பகுதி உண்டு. உயிரணு பிரியுந்தோறும் அது சிறிது குறைகிறது. மிகவும் குறைந்தபின் உயிரணு பிரிவதில்லை. புற்றுநோய் உயிரணுக்களுள் பெரும்பாலானவை டெலோமியரேஸ் என்னும் நொதியால் அக்குறையை ஈடுசெய்து கொள்கின்றன. இவ்வுண்மைகளைக் கண்ட அறிஞர் மூவர் 2009-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

வேறுபாடுகள் இன்னும் உள. நலமுள்ள உயிரணுக்கள் கலத்தின் அடியில் ஒற்றைப் படலமாகப் பரவி, அயலணுவைத் தொட்டதும் பெருக்கத்தை நிறுத்தும். புற்றுநோய் உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். நலமுள்ள மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்க, ஹீலா உயிரணுவில் 70-க்கு மேற்பட்டவை காணப்படுகின்றன.

இவ்வொப்பீடு மருத்துவத்திற்கு இன்றியமையாதது. புற்றுநோய் உயிரணுவைக் கொல்லும் பொருளைத் தேடுவது பெரிதன்று. நெருப்பும் நஞ்சும் அதனைச் செய்யும். நலமுள்ள உயிரணுவை வாழவிட்டு, நோயுற்றதை மட்டும் அழிப்பதே அரிய செயல். ஆதலின், புதிய மருந்தை இருவகை உயிரணுக்களிலும் இட்டுப் பார்த்தல் வேண்டும். இதில் விழிப்பும் தேவை. வெவ்வேறு உறுப்புகளினின்று வந்தவை எனக் கருதப்பட்ட உயிரணுக்கள் பல, உண்மையில் கலங்களுட் புகுந்துவிட்ட ஹீலா உயிரணுக்களே என்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். கலத்தின்மேல் ஒட்டிய பெயரை நம்பி உழைத்த ஆராய்ச்சியாளர் பலரின் உழைப்பு வீணாயிற்று.

இவ்வரலாற்றில் மற்றொரு குறையும் உண்டு. தம் உயிரணுக்கள் ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டதை லாக்ஸ் அம்மையார் அறியார். அவருடைய ஒப்புதலை எவரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்தார் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனை அறியாதிருந்தனர். 2013-ஆம் ஆண்டில்தான், ஹீலா உயிரணுக்களின் மரபுச் செய்திகளைப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனம் அக்குடும்பத்தாருடன் உடன்பாடு செய்துகொண்டது.

தன் எல்லையை அறிந்து நிற்கும் உயிரணுவே உடலைக் காக்கிறது. எல்லை கடந்த உயிரணுவோ தான் பிறந்த உடலையே அழிக்கிறது. ஆராய்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளியும் நம்மைப் போன்ற மனிதரே என்னும் நினைவே அவ்வெல்லை. அதனை மறவாத அறிவே மக்களுக்கு நன்மை பயக்கும்.