பாம்பு வெளியே வரும் மாதங்கள்

பெங்களூரில் உள்ள ஒக்கலிபுரம், ரயில் பாதையை ஒட்டிய பகுதி. இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. வீடுகள் நெருக்கமாக இருக்கும். இங்கே பாம்புக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். குப்பை சேரும் இடத்தில் எலி சேரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். யெலகங்கா, கெங்கேரி பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் அதிகமாகப் பாம்பைப் பார்க்கிறார்கள். அங்கே புதர்க்காடுகள் வீட்டு மனைகளாகி வருகின்றன.

பாம்பு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நடமாடுவதில்லை. அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலில் காய்ந்துதான் சூடேறும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகள் குளிரும். அப்போது பாம்புகள் பெரும்பாலும் பொந்தில் கிடக்கும். வெயில் ஏறிய பின் வெளியே வந்து சுருண்டு காயும். கண்ணாடி விரியன் அப்படிக் கிடந்தால் காய்ந்த சருகு போலத் தெரியும். அருகே போனால் குக்கர் போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் விலகிவிட வேண்டும்.

கோடை தொடங்கும்போது நல்லபாம்பு எலி வளையில் முட்டையிடும். 10 முதல் 30 முட்டை வரை இருக்கும். குஞ்சு பொரிக்கச் சுமார் 2 மாதம் ஆகும். அதனால் மே, ஜூன், ஜூலை மாதங்களில் குட்டிகள் கண்ணில் படும். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். அதுவும் பெரும்பாலும் இதே காலத்தில்தான். சின்னதுதானே என்று குட்டியைக் கையில் எடுக்கக் கூடாது. பிறந்த அன்றே அதற்கு விஷம் உண்டு.

இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதையும் சிலர் பார்த்திருப்பார்கள். சாரையும் நாகமும் கூடுகின்றன என்பார்கள். அது தவறு. பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள். பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. சாரைக்கு விஷம் இல்லை.

மழைக்காலம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். வளைகளில் தண்ணீர் புகும். எலியும் தவளையும் மேட்டுக்கு ஓடும். பாம்பும் பின்னால் வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடந்தவை. பெங்களூரில் செப்டம்பரில்தான் மழை அதிகம். அக்டோபரிலும் நல்ல மழை உண்டு.

இந்த இரவுகளில் கட்டுவிரியனுக்கு அஞ்ச வேண்டும். அது கறுப்பாக இருக்கும். உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடித்துவிடும். கடித்த இடம் அதிகம் வலிக்காது, வீங்காது. கடிபட்டவர் கொசு என்று நினைத்து மறுபடியும் தூங்கிவிடலாம். பிறகு கண் இமை தொங்கும். பேச்சு குழறும். மூச்சு முட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளோடு தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டுவது நல்லது. வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். இரவில் வெளியே போகும்போது டார்ச் விளக்கு வேண்டும்.

ஆடி, ஆவணியில் நாகர பஞ்சமி வரும். கர்நாடகத்தில் பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். புற்றைக் கட்டியது கறையான். பாம்பு அதில் குடிவந்தது. பால் அதன் உணவு அல்ல. ஆனாலும் அது உள்ளே இருக்கலாம். புற்றின் வாயருகே கையை நீட்டக் கூடாது.

பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது. விஷம் எடுத்த பின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள்.

2024-இல் கர்நாடக அரசு ஓர் உத்தரவு போட்டது. பாம்புக்கடி என்று யார் வந்தாலும் மருத்துவமனை அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

கலந்து பேசுக: உங்கள் தெருவில் கடைசியாகப் பாம்பு வந்தது எந்த மாதம்? அன்று மழை பெய்ததா?