சராசரியும் நம் பிள்ளைகளும்



சென்ற வாரம் நமது கடைக்கு வந்த நண்பர் ஒருவர், தம் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்லாவில் உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார். காரணம் கேட்டோம். "உலகத் தேர்விலே தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடம் தெரியுமா, நானா? நம்மவர்களுக்கு மூளை அவ்வளவுதான். யாவாரம் போதும்" என்றார்.

நாம் மதரஸாவையும் ஆரம்பப் பள்ளியையும் தாண்டியதில்லை. ஆயினும் கணக்கைத் தட்டிப் பார்க்கக் கடை கற்பித்திருக்கிறது. அதைக்கொண்டே இதை ஆராய்வோம்.

முதலாவது, சராசரி. ஒரு தெருவில் ஐந்து கடைகள். ஒருநாள் விற்பனை 200, 250, 300, 350, 3,900 வெள்ளி. மொத்தம் 5,000, சராசரி 1,000. ஆனால் ஆயிரம் வெள்ளிக்கு விற்ற கடை அத்தெருவில் ஒன்றுகூட இல்லை! வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 300. இதற்கு நடுவெண் என்று பெயர். ஒரு பெரிய கடை சராசரியைத் தூக்கிவிடும், நடுவெண்ணை அசைக்காது.

தேர்வு மதிப்பெண்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் நெருங்கியே வரும். என்றாலும் இரண்டும் ஒற்றை எண்களே. மேலே எத்தனை பேர், கீழே எத்தனை பேர் என்பதை அவை சொல்லமாட்டா. சராசரி குறைந்த நாட்டிலும், சராசரி மிகுந்த நாட்டாரைத் தோற்கடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மாதிரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே உலையில் வெந்ததால் அது சரி. ஆனால் நூறு மூட்டை அரிசி வந்து இறங்கினால், மேல் மூட்டையில் மட்டும் குத்தூசி செருகிப் பார்த்து எவராவது விலை பேசுவாரா? அங்குமிங்குமாகப் பல மூட்டைகளைக் குத்திப் பார்ப்போம்.

இனி நண்பர் சொன்ன தேர்வுக்கு வருவோம். அது பிசா எனப்படும் தேர்வு. 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. பள்ளியிலிருக்கும் 15 வயதினரில் சிலரைப் பொறுக்கி எடுத்துச் சோதிக்கிறார்கள். பள்ளியைவிட்டுப் போனவர் கணக்கில் வருவதில்லை. 2009ஆம் ஆண்டுத் தேர்வில் கணிதத்தில் ஷாங்காய் 600 பெற்று முதலாவதாக வந்தது. அதே தேர்வை 2010இல் எழுதிய தமிழ்நாடு 351 பெற்றுக் கடைசி வரிசையில் நின்றது. ஷாங்காய் செல்வம் மிகுந்த ஒரு நகரம். சீனாவின் கிராமங்கள் அதில் இல்லை. இந்தியாவிலிருந்தோ தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மட்டுமே எழுதின. இதை வைத்துச் சீனரையும் இந்தியரையும் நிறுப்பது எப்படித் தகும்?

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். 2015இல் பொறுக்கிய பள்ளிகளில் 85 விழுக்காடு பதில் தரவேண்டும் என்பது விதி. மலேசியாவில் கிடைத்தது 51 விழுக்காடே. பதில் தராத பள்ளிகள் எத்தகையவை என்று தெரியாதபோது ஒப்பிடுவது எப்படி? ஆகவே மலேசியாவின் எண்களைப் பிற நாடுகளோடு சேர்க்காமல் தனியே வைத்தார்கள்.

இன்னொன்று. 2018இல் மலேசியா கணிதத்தில் 440 பெற்றது, 2022இல் 409. நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டாரின் மூளை சுருங்கிவிடுமா? நடுவில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லையே!

தமிழ்நாட்டின் 351 பெருமைப்படத்தக்க எண்ணன்று. அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் அது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருந்தார்கள் என்பதைக் காட்டுமேயன்றி, பிறவி மூளையை அளக்காது. சரக்கு குறைந்திருந்தால் கொள்முதலைச் சீர்செய்வோம், கடையை மூடமாட்டோம்.

எனவே, "அந்த இனம் அறிவாளி, இந்த இனம் மந்தம்" என்று எவரேனும் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? அவர்களை எப்படிப் பொறுக்கினார்கள்? பதில் தராமல் விடுபட்டவர் யார்?

நண்பரிடமும் இதையே சொன்னோம். ஜொகூரில் படிக்கும் அவர் மகன் அந்தத் தேர்வை எழுதவே இல்லை. அவன் கணக்கு அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. முதலில் அதைத் திறந்து பாருங்கள் என்றோம். யோசிப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.

நாமும் யோசிப்போமாக.